கப்டன் யார் என்று கேட்கும் அப்பாமாருக்கு

சனிக்கிழமை மட்ச் முடிந்து பிள்ளை காருக்குள் ஏறுகிறது. கதவு சாத்த முதலே நாங்கள் கேட்பது இரண்டு கேள்விதான். "எத்தனை ரன்?" அது சரிவராவிட்டால் "எத்தனை விக்கெட்?" இரண்டும் சரியில்லை என்றால் அடுத்தது கோச்சைப் பற்றிய விமர்சனம். ஏன் உன்னை ஏழாவதாக இறக்கினவர், ஏன் அந்தப் பெடியனை கப்டனாகப் போட்டவர், அவன்ர தகப்பன் கிளப் கமிட்டியில இருக்கிறாரோ. வீடு வந்து சேரும் வரைக்கும் இது ஓடும். மைதானத்தில் நின்று முழுவதையும் கண்ணால் பார்த்திருந்தாலும் இதே கணக்குத்தான். மற்றவர்களைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை. நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். மகன் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணியில். பெரிய ஆட்டக்காரன் இல்லை. அன்றைக்கு அவனுடைய அணியில் ஒரு பிள்ளை கைக்குள் வந்த கட்ச் ஒன்றைத் தவறவிட்டது. நாலு பக்கத்தாலும் சத்தம். ஓவர் முடிந்ததும் என் மகன் தன் இடத்துக்குப் போகாமல், மைதானத்தின் மறுபக்கம் ஓடிப் போய் அந்தப் பிள்ளையோடு ஏதோ கதைத்தான். திரும்பி வந்து நிற்கப் பிந்திவிட்டது. முதல் பந்து அவன் நிற்க வேண்டிய இடத்தால் போனது. ஒரு ஓட்டம். எல்லைக்கோட்டில் நின்று நான் கத்தினேன்.

காருக்குள் கேட்டேன். "உனக்கு ஏன்டா உந்த வேலை? கப்டன் இருக்கிறான், கோச் இருக்கிறார்."

"அவன் அழுதவன் அப்பா."

"அழுதால் அவன்ர அம்மா பாப்பா. நீ உன்ர இடத்தைப் பார்."

அதற்குப் பிறகு வீடு வரும் வரை அவன் ஒன்றும் கதைக்கவில்லை. நான் சரியாகத்தான் சொன்னேன் என்று அன்று நினைத்தேன்.

இதை இங்கே எழுத வைத்தது ஒரு பழைய டெஸ்ட் மட்ச். கோவிட் காலத்தில் இதே சிட்னியில் நடந்தது. 2021 ஜனவரி 7 முதல் 11 வரை. எங்கள் பக்கத்துப் புறநகர்கள் சிலவற்றில் தொற்று என்று அங்குள்ளவர்கள் மைதானத்துக்கு வரவே கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். நாங்கள் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தோம்.

நிலைமையை நினைவுபடுத்துகிறேன். அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அணித்தலைவர் விராட் கோலி குழந்தை பிறக்கப் போகிறது என்று ஊருக்குப் போய்விட்டார். ரஹானே பொறுப்பெடுத்து மெல்பேர்ணில் வென்று கொடுத்தார். சிட்னியில் 407 ஓட்டங்கள் இலக்கு. ஐந்தாம் நாள் காலையிலேயே ரஹானே ஆட்டமிழந்தார். பன்ட் 97, புஜாரா 77. இருவரும் போன பிறகு 272 க்கு 5. ஜடேஜாவின் கட்டைவிரல் முறிந்திருந்தது. களத்தில் நின்ற ஹனுமா விகாரிக்குத் தொடைத் தசை இழுத்துப் பிடித்து ஓடவே முடியாது. அவரோடு சேர வந்தவர் ரவிச்சந்திரன் அஸ்வின். அன்று காலை எழும்பும்போது அவருக்கு முதுகு நிமிரவில்லை, குனிந்து சப்பாத்து நாடா கட்ட முடியவில்லை என்று அவருடைய மனைவி அன்றே ட்விட்டரில் எழுதினார்.

இந்த இருவரும் 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். விகாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. மட்ச் சமநிலை. எண்களை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. "எத்தனை ரன்?" என்று கேட்டால் வெட்கப்பட வேண்டிய எண்கள்.

ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன நடந்தது என்று விக்கெட்டுக்குள் இருக்கும் மைக் எங்களுக்குச் சொன்னது. அஸ்வின் ஓவருக்கு ஓவர் கதைத்துக்கொண்டே இருந்தார், அதுவும் தமிழில். விகாரி ஆந்திரக்காரர், தமிழ் விளங்கக்கூடியவர். இன்னும் நாற்பது ஓவர் கிடக்கிறது என்று நினைத்தால் மனிசன் உடைந்துபோவான். அதனால் பத்துப் பத்துப் பந்தாகப் பிரித்து ஆடுவோம் என்பதுதான் அந்தக் கதையின் சாரம். ஒருவருக்குக் காலை நீட்ட முடியாது, மற்றவருக்கு முதுகை வளைக்க முடியாது. யாருக்கு எந்தப் பந்துவீச்சாளர் வசதி என்பதையும் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற அவுஸ்திரேலிய கப்டன் டிம் பெய்ன் அஸ்வினை வாயால் சீண்டிக்கொண்டிருந்தார். பிறகு அதற்காக அவரே மன்னிப்பும் கேட்டார். அஸ்வினும் சும்மா விடவில்லை, திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஓவர் முடிந்து விகாரியிடம் போகும்போது அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

அஸ்வின் அன்றைக்கு கப்டன் இல்லை, உப கப்டனும் இல்லை. 106 டெஸ்ட், 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெறும் வரை இந்தியாவுக்கு ஒரு நாளும் கப்டனாக இருந்ததில்லை.

இதே மட்சில் இன்னொரு சின்னக் கதை இருக்கிறது. அஸ்வின் பின்னர் தன்னுடைய யூடியூபில் சொன்னது. களத்தில் இவர்கள் இருவரும் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்து ஆடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே இருந்து பயிற்சியாளர் ரவி சாஸ்திரி ஒரு தகவல் கொடுத்து அனுப்புகிறார். யார் எப்படி ஆட வேண்டும் என்ற திட்டம். கொண்டு ஓடி வந்தவர் ஷர்துல் தாகூர். அந்த மட்சில் பதினொருவரில் இடம் கிடைக்காதவர், தண்ணி கொண்டு வாற ஆள். வந்து இருவரின் முகத்தையும் பார்த்தார். உள்ளே நிறையச் சொல்லிவிட்டிருக்கிறார்கள், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, நீங்கள் ஆடுகிறபடியே ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பெரிய பயிற்சியாளர் சொன்னதை, அணியில் இடமில்லாத ஒருவர், தன் பொறுப்பில் விழுங்கிவிடுகிறார். மட்ச் தோற்றிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும்? ஆனால் களத்தில் நின்ற இரண்டு பேருக்கும் அந்த நேரம் தேவைப்பட்டது புதுத் திட்டம் இல்லை, குழப்பாமல் இருப்பது. அதைக் கிட்ட வந்து முகத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். உடைமாற்றும் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது. சாஸ்திரியைக் குறை சொல்லவில்லை. அவருடைய வேலையை அவர் செய்தார்.

இதற்கு உணர்வுசார் நுண்ணறிவு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1990 இல் பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையோடு இந்தச் சொல் பிரபலமாகத் தொடங்கியது. 1995 இல் டானியல் கோல்மன் அதே பெயரில் எழுதிய புத்தகம் அதை அலுவலகங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது வேலையிடத்தில் அரைநாள் பயிற்சி வைத்துச் சான்றிதழும் தருகிறார்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். என்ன பிரயோசனம், அதே கிழமைதான் காருக்குள் பிள்ளையிடம் "அழுதால் அவன்ர அம்மா பாப்பா" என்று சொன்னேன்.

பெயரை விடுங்கள். விஷயம் இவ்வளவுதான்: தன் மனதில் ஓடுவது தனக்குத் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவனின் மனதில் ஓடுவதும் ஓரளவுக்குப் பிடிபட வேண்டும், இரண்டையும் வைத்து அந்த நேரத்துக்கு ஏற்றதைச் செய்ய வேண்டும். சில நேரம் அது ஒரு சொல். சில நேரம், ஷர்துல் செய்ததுபோல, சொல்லாமல் விடுவது.

இதைச் செய்பவர் கப்டனாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது குழு விளையாட்டுகளில் இருந்து வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 4,451 பேர். தலைமையை நான்காகப் பிரித்துக் கேட்டார்கள். விளையாட்டுத் தந்திரத்தில் வழிகாட்டுபவர் யார், களத்தில் உற்சாகம் தருபவர் யார், மைதானத்துக்கு வெளியே பிள்ளைகளை ஒன்றாக வைத்திருப்பவர் யார், வெளியாரோடு அணிக்காகக் கதைப்பவர் யார் என்று. 44 வீதமானோர் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட தங்கள் கப்டனை முதல் ஆளாகச் சொல்லவில்லை. நான்குக்கும் கப்டனே என்று சொன்னது ஒரு வீதம் மட்டும்தான்.

அதாவது, நாங்கள் எல்லைக்கோட்டில் நின்று "ஏன் என்ர பிள்ளையை கப்டன் ஆக்கேல்ல" என்று முறுகுகிற அந்தப் பதவி, அணிக்குள் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. நாணயம் சுண்டுவது, களத்தடுப்பை மாற்றுவது, பந்து யாருக்குக் கொடுப்பது. கிரிக்கெட்டில் மற்ற விளையாட்டுகளை விடக் கப்டனுக்கு வேலை கூட என்பது உண்மைதான். ஆனாலும் கட்ச் விட்ட பிள்ளையிடம் யார் போவது என்பது அந்த வேலைப் பட்டியலில் இல்லை. யார் போகிறாரோ அவர்தான் அந்த நேரத்துக்குத் தலைவர்.

இந்த ஊர்க்காரருக்கு மறக்க முடியாத ஒரு படம் இருக்கிறது. 2005 ஓகஸ்ட் 7, எட்ஜ்பாஸ்டன். அவுஸ்திரேலியா வெல்ல இன்னும் சில ஓட்டங்கள்தான், கடைசி விக்கெட் விழுகிறது, இங்கிலாந்து 2 ஓட்டங்களால் வெல்கிறது. ஆட்டமிழக்காமல் 43 எடுத்து நின்ற பிரெட் லீ களத்தில் குந்திவிட்டார். இங்கிலாந்துக்காரர் எல்லோரும் துள்ளிக் குதிக்க, அன்ட்ரூ ஃபிளின்டொஃப் அவரிடம் போய்க் குனிந்து கை கொடுக்கிறார். அந்த அணிக்குக் கப்டன் மைக்கல் வோன். அந்தத் தொடரை நினைக்கும்போது எத்தனை பேருக்கு முதலில் வோனின் முகம் வருகிறது?

2021 தொடருக்கே திரும்பி வருகிறேன். முகமது சிராஜ் என்ற புதுப் பையன். ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டி அவரை வளர்த்த தகப்பன் 2020 நவம்பரில் இறந்தபோது அவர் இங்கே அவுஸ்திரேலியாவில் இருந்தார். ஊருக்குப் போகாமல் நின்றார். சிட்னியில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பார்வையாளர் கூட்டத்தில் இருந்து அவமதிப்பு. ஆட்டம் நிறுத்தப்பட்டு ஆறு பேரை வெளியேற்றினார்கள். அந்த நாள் முடிவில் செய்தியாளர் முன் வந்து, சிட்னியில் இது தங்களுக்குப் புதிதில்லை, முன்னைய பயணங்களிலும் நடந்தது என்று சொன்னவர் யார் என்றால், அதுவும் அஸ்வின்தான். லூவன்காரர் சொல்லும் நான்காவது வகைத் தலைமை. பிறகு பிரிஸ்பேனில் சிராஜ் ஐந்து விக்கெட் எடுத்துவிட்டு வெளியே வரும்போது, காயத்தால் அந்த மட்சில் ஆடாத பும்ரா எல்லைக்கோட்டில் நின்று அவரைக் கட்டிப் பிடித்தார். அடுத்த நாள் இந்தியா வென்றது, ரஹானே கோப்பையை சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனின் கையில் கொடுத்தார். எங்கட வட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கோப்பைப் படம் நூறு தரம் சுற்றியது. பும்ராவின் படத்தை நான் ஒருதரம்தான் கண்டேன். கோப்பை கையில் இருந்தால்தான் எங்களுக்குப் படம்.

முரளியைச் சொல்லாமல் இதை எழுதுகிறாயோ என்று கேட்பீர்கள். 133 டெஸ்ட், 800 விக்கெட், டெஸ்ட் அணிக்கு ஒரு நாளும் கப்டன் இல்லை. அவரைப் பற்றித் தொடங்கினால் எங்கட ஆக்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள், கிரிக்கெட் காணாமல் போய்விடும். அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

எல்லாம் நல்லபடி என்று சொல்லவும் வரவில்லை. பதவியில்லாத செல்வாக்கு கெட்ட பக்கமும் போகும். 2018 மார்ச்சில் கேப்டவுனில் அவுஸ்திரேலியர்கள் உப்புத்தாளால் பந்தைச் சுரண்டிப் பிடிபட்டது நினைவிருக்கும். திட்டம் உப கப்டன் வோர்னருடையது என்று கிரிக்கெட் அவுஸ்திரேலியா விசாரித்துச் சொன்னது. செய்தவர் அணிக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்த கமரொன் பான்கிரொஃப்ட். ஏன் செய்தாய் என்று பின்னர் கேட்டபோது, தான் அந்தக் குழுவுக்குள் பொருந்த வேண்டும், மதிக்கப்பட வேண்டும் என்று விரும்பியதாகச் சொன்னார். ஒரு இளம் ஆளின் மனதில் என்ன பயம் இருக்கிறது என்று தெரிவது மட்டும் போதாது. அதை வைத்து அவனைத் தாங்கவும் முடியும், அவன் கையில் உப்புத்தாளைக் கொடுக்கவும் முடியும். அந்தத் தலைமையின் அனுபவசாலிகளுக்கு ஆளை வாசிக்கத் தெரியாமல் இல்லை. "வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் முன்வரவில்லை, அதுதான் குறை.

எங்கட சங்கங்களைப் பாருங்கள். ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டு விழா என்றால் தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், போஷகர், விழாக் குழுத் தலைவர். மலருக்குப் படம் எடுக்கும்போது முன் வரிசைக்குக் கதிரை காணாது. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆறு பேருக்குப் போன் எடுத்து, "நாளைக்கு வாறியோ? காலுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டு, கரப்பந்து வலையைக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு வாற அண்ணை ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். டொரொன்டோவிலும் இருப்பார், லண்டனிலும் இருப்பார். கோபித்துக்கொண்டு போன இரண்டு பேரை ஒரே அணியில் திரும்ப விளையாட வைப்பது அவர்தான். அவர் வராத வருடம் அணியே இருக்காது. மலரில் அவருடைய பெயரைத் தேடிப் பாருங்கள்.

நாங்கள் வந்த வழி அப்படி. புது நாட்டில் எங்களை நிரூபிக்கக் கடுதாசி தேவைப்பட்டது. சான்றிதழ், பதவி, மார்க்ஸ். அதனால் பிள்ளையிலும் கடுதாசியில் எழுதக்கூடியதைத்தான் தேடுகிறோம். தேர்வுக்குழுவுக்கு ஓட்டங்களைக் காட்டலாம். கட்ச் விட்டவனிடம் ஓடிப் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திரும்பவும் என் வீட்டுக் கதை. காருக்குள் நான் அப்படிச் சொன்னதற்கு இரண்டு கிழமை கழித்து இன்னொரு மட்ச். அதே பிள்ளை, முதல் பந்திலேயே ஆட்டமிழந்து தலையைக் குனிந்துகொண்டு வந்தது. மற்றப் பிள்ளைகளோடு மரத்தடியில் இருந்த என் மகன் எழும்பினான். எழும்பி, எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தான். பிறகு இருந்துவிட்டான்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கவும் எனக்குச் சரியாக வரவில்லை. இரவு சாப்பாட்டு மேசையில் "அண்டைக்கு நான் சொன்னது பிழை, நீ போயிருக்கலாம்" என்றேன். "எண்டைக்கு?" என்றான். விளங்கித்தான் கேட்டான். அந்தப் பருவம் முழுவதும் அவன் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு ஓட்டம்கூட அவனால் போகவில்லை. கோச், "களத்தடுப்பில் நல்ல முன்னேற்றம்" என்று எனக்குச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த பருவம் நான் எல்லைக்கோட்டை விட்டு, காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கப் பழகினேன். ஓட்டக் கணக்கு எழுதும் அப்பையும் வேறொரு தகப்பனிடம் கொடுத்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஒருநாள் கட்ச் விட்ட அந்தப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது.

போன மாதம் அணிக்குப் புதிதாக ஒரு பெடியன் வந்திருக்கிறான். நேபாளத்தில் இருந்து வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, ஆங்கிலம் இன்னும் வாய்க்குள் நிற்கிறது. கோச் இரண்டு பேரையும் ஆறாவது, ஏழாவது என்று அடுத்தடுத்து இறக்கினார். தற்செயலோ தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓவருக்கு ஓவர் என் மகன் நடுவுக்குப் போய், ஹெல்மெட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவனோடு ஏதோ சொல்வதும், அவன் தலையை ஆட்டுவதும் கார் பக்கத்தில் இருந்து தெரிந்தது. ஒருதரம் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்பது ஓவர் நின்றார்கள். மட்ச் தோற்றுத்தான் போனார்கள்.

காருக்குள் ஏறினான். கேள்வி நாக்கு நுனியில் நின்றது, விழுங்கிக்கொண்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகு, "நடுவில நிண்டு அவனோட என்ன கதைச்சனி?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லையப்பா. சும்மா கதைச்சனாங்கள்" என்றான். பிறகு தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.